கையை விட்டுவிடக்கூடிய கடல்

பாலக்காடு மாவட்டத்தில் இருக்கும் எங்கள் கொழிஞ்சாம்பாறையிலிருந்து எந்தக் கடலும் பக்கமில்லை. குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு கடல் பார்க்கப் போவதென்றால் எங்கள் பக்கத்து ஆட்களுக்குக் கோழிக்கோடு, சாவக்காடு, கொஞ்சம் நாள் கிடைத்தால் கன்னியாகுமரி. காலையில் கிளம்பி மத்தியானம் கரையில் இறங்கி, பிள்ளையின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கணுக்கால் நனைய நின்று, ஒவ்வோர் அலைக்கும் "பின்னாடி வா, பின்னாடி வா" என்று கத்திவிட்டு, உப்பிலிட்ட நெல்லிக்காய் வாங்கிக் கொடுத்துத் திரும்பி வருவோம். கேரளக் கரையில் வேறு வழியும் இல்லை. கடல் அங்கே அப்படித்தான் அடிக்கும். அதிலும் பள்ளிக்கூட லீவு விடுகிற ஏப்ரல், மே மாதங்களில்தான் கள்ளக்கடல் ஏறுகிறது. கரையில் காற்றில்லை, மழையில்லை, நல்ல வெயில் அடித்துக்கொண்டிருக்கும். எங்கோ தெற்கே பல ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி வீசிய புயலின் வீச்சு வந்து திடீரென்று ரோட்டைத் தொடும். ஹைதராபாத்தில் இருக்கும் மத்திய அரசின் கடல் தகவல் மையம் இப்போதெல்லாம் முன்கூட்டியே எச்சரிக்கை விடுகிறது. ஆனால் மூன்று வயதுப் பையனுக்கு எச்சரிக்கை என்றால் என்னவென்று தெரியாது.

அதனால் சின்னப் பிள்ளைகளோடு கடலோர விடுமுறைக்கு எங்கே போகலாம் என்று யாராவது கேட்டால், நான் இப்போது ஊர் பெயரையோ ஹோட்டலையோ சொல்வதில்லை. என்ன மாதிரித் தண்ணீர் என்று பாருங்கள் என்றுதான் சொல்கிறேன். குழந்தையின் கையை நீங்கள் விட்டுவிடக்கூடிய தண்ணீரா என்பது ஒன்றுதான் கேள்வி. மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

அப்படிப்பட்ட தண்ணீர் லட்சத்தீவில் இருக்கிறது. நாங்கள் போனது அகத்தி. நான், அவர், ஒன்றாம் வகுப்புப் படிக்கும் மகள், அங்கன்வாடிக்குப் போகிற சின்னவன், கூட என் அம்மா. பிள்ளைகளுக்கு அம்மிச்சி. அம்மாவுக்கு முழங்கால் வலி, கடலைவிடக் கப்பலைப் பற்றிய பயம் அதிகம். அதனால் விமானம்தான் என்று முதலிலேயே முடிவு. கொச்சி வில்லிங்டன் தீவிலிருந்து கப்பல் போகிறது, செலவும் குறைவு, ஆனால் ஓர் இரவு முழுக்க ஆகும். பல தீவுகளில் கப்பல் கரைக்கு வராமல் வெளியே நின்றுவிடும், அங்கிருந்து ஆடிக்கொண்டிருக்கும் சின்னப் படகுக்கு இறங்க வேண்டும். தூக்கத்தில் இருக்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அந்த ஒரு அடியை எடுத்து வைப்பது எனக்கு வேண்டாம் என்று தோன்றியது. பிள்ளைகள் பத்து வயது தாண்டிவிட்டால் கப்பலில்தான் போவேன், அது வேறு விஷயம்.

போவதற்கு முன்னால் அனுமதி வாங்க வேண்டும். வெளியூர்க்காரர்கள் இஷ்டத்துக்கு வந்து தங்குவதைக் கட்டுப்படுத்தும் விதிகள் 1967-லேயே வந்துவிட்டன, நாம் இந்தியர்களே ஆனாலும் அனுமதிச் சீட்டு வேண்டும். எந்தத் தீவு என்று அதில் எழுதியிருக்கும். குழந்தைகளின் பெயரும் சேர்த்து எழுதிக்கொடுங்கள், பிறப்புச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். டிக்கெட் எடுத்துவிட்டு அனுமதிக்கு அலைவதைவிட, அனுமதி கையில் வந்தபிறகு டிக்கெட் எடுப்பது நிம்மதி. ஓடுபாதை சின்னது என்பதால் அகத்திக்குப் போவது சின்ன விமானம்தான், மூட்டை முடிச்சு எடைக்குக் கட்டுப்பாடு உண்டு. சில பேர் இந்தக் காகித வேலையைக் கேட்டே வேண்டாம் என்று விட்டுவிடுகிறார்கள். எனக்கு இந்தக் கட்டுப்பாடு இருப்பது நல்லது என்றே படுகிறது. மொத்த லட்சத்தீவும் 36 தீவுகள் சேர்ந்து 32 சதுர கிலோமீட்டர்தான், ஆட்கள் குடியிருப்பது அதில் 10-ல் மட்டும். எங்கள் தாலூகாவின் இரண்டு பஞ்சாயத்தைச் சேர்த்தால் அதைவிடப் பெரிதாக வந்துவிடும். அவ்வளவு சின்ன மண்ணில் கூட்டம் போய் இறங்கினால் தாங்காது.

குதிரான் சுரங்கப்பாதையைத் தாண்டும்போது பிள்ளைகள் போட்ட கூச்சல் நெடும்பாசேரி விமான நிலையம் வரை அடங்கவில்லை. கொச்சியிலிருந்து ஒன்றரை மணி நேரம் கடலைத் தவிர வேறெதுவும் தெரியாது. அப்புறம் ஒரு கணத்தில் அடர்நீலம் உடைந்து, வெள்ளைக் கோடு ஒன்று, அதற்கு உள்ளே வெளிர்பச்சை, நடுவில் நீளமாக ஒரு தென்னந்தோப்பு. அகத்தி அவ்வளவுதான். ஏழு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான நீளம், அகலம் மிகப் பெரிய இடத்திலேயே ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர்தான். தெற்கு வாலில்தான் ஓடுபாதை, இரண்டு பக்கமும் ஜன்னலில் தண்ணீர். அம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

தங்கியது ஒரு வீட்டோடு சேர்ந்த அறைகளில். வீட்டுக்கார இத்தா, அதாவது அக்கா, பேசும் மலையாளம் எங்கள் பாலக்காட்டு மலையாளத்துக்குச் சீக்கிரத்தில் பிடிபடவில்லை, ஆனால் குழந்தைக்குச் சோறு ஊட்டும் விஷயத்தில் அவருக்கும் அம்மாவுக்கும் ஒரு மணி நேரத்தில் எல்லாம் புரிந்துவிட்டது. வாசலிலிருந்து மேற்கே கொஞ்சம் நடந்தால் லகூன். அதாவது பவளப்பாறைக்கும் தீவுக்கும் நடுவில் அடங்கிக் கிடக்கும் கடல். அங்கேதான் அம்மா நின்று, தூரத்தில் வெள்ளையாக நுரை தள்ளும் கோட்டைப் பார்த்து, "ஏங்கண்ணு, கடலுக்கு வரப்புப் போட்டு வெச்சிருக்காங்களா? அக்கட்டால அந்த இரைச்சல் கேக்குது, இக்கட்டால அசையவே காணோம்" என்று கேட்டார்.

வரப்புதான். ஆனால் அதை யாரும் போடவில்லை. கடலுக்கடியில் இருந்து எழுந்த எரிமலைகள் மெல்ல மெல்ல அமிழ, அவற்றின் ஓரத்தில் பவளப்பூச்சிகள் வெளிச்சத்தைத் தேடி மேலே மேலே கட்டிக்கொண்டே வந்தன. மலை மூழ்கிவிட்டது, வளையம் மட்டும் நின்றது. சார்லஸ் டார்வின் 1842-ல் எழுதிய விளக்கம் இது, இன்றைக்கும் அடிப்படையில் அதைத்தான் ஏற்றுக்கொள்கிறார்கள். திறந்த கடலின் அலை அந்த வளையத்தில் மோதி அங்கேயே செத்துவிடுகிறது, உள்ளே வருவது வெறும் சலசலப்பு. மகளுக்கு இதை மணலில் வரைந்து காட்டினேன். "மலை இப்போ நம்ம காலுக்குக் கீழயா இருக்கு?" என்று கேட்டவள், கொஞ்ச நேரம் காலைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

முதல் நாள் சின்னவன் பழக்க தோஷத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினான். தண்ணீர் அவன் முட்டிக்கு இருந்தது. பத்தடி போனோம், முட்டிதான். இன்னும் பத்தடி, தொடை. அடியில் வெள்ளை மணல், அவன் கால் விரல் ஒவ்வொன்றும் தெரிகிறது. அலைக்காகக் காத்திருந்தான், அலை வரவில்லை. அவனாகவே கையை உருவிக்கொண்டான். நான் அப்படியே தண்ணீரில் உட்கார்ந்துவிட்டேன், இடுப்பளவு வெதுவெதுப்பான கடலில். பிள்ளைகள் பிறந்த பிறகு கடற்கரையில் நான் உட்கார்ந்ததே அதுதான் முதல் தடவை. அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முழங்கால் வலி தெரியாமல் ஒரு மணி நேரம் நின்றார், மாப்பிள்ளை பக்கத்தில் இருக்கிறார் என்ற கூச்சம்கூட அன்றைக்கு இல்லை.

அதற்காக அசட்டையாக இருக்கலாம் என்று சொல்லவில்லை. பெரியவர் ஒருவர் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். படகுத்துறை பக்கமும் படகு போகும் வாய்க்கால் பக்கமும் விடவே கூடாது. வளையத்தில் உடைப்பு இருக்கும் இடங்கள் வழியாகத்தான் கடல் வற்றும் நேரத்தில் தண்ணீர் வெளியே ஓடும், அங்கே இழுப்பு உண்டு. லைஃப் ஜாக்கெட்டைக் குழந்தை அளவில் நாமே வாங்கிக்கொண்டு போய்விட வேண்டும். காலுக்கு மெல்லிய ரப்பர் செருப்பு கட்டாயம், செத்த பவளம் கண்ணாடிச் சில்லைப் போல் வெட்டும். மகளுக்கு ஒரு நாள் முழங்காலில் சிராய்த்துவிட்டது. நல்ல தண்ணீரில் நன்றாகக் கழுவி, துகள் இல்லாமல் பார்த்து மருந்து போட்டு, அன்று முழுக்க அவளைக் கடலில் இறக்கவில்லை. பவளக் கீறல் சின்னதாக இருந்தாலும் ஆறத் தாமதமாகும், சீழ் பிடிக்கும். தீவில் ஆஸ்பத்திரி இருக்கிறது, ஆனால் பெரிய பிரச்சினை என்றால் ஹெலிகாப்டரில் கொச்சிக்குக் கொண்டுபோக வேண்டிய இடம் அது. காய்ச்சல் மருந்து, ஓ.ஆர்.எஸ்., குழந்தைக்கு வழக்கமாகக் கொடுக்கும் மருந்துகள், பழகிய பால் பொடி எல்லாம் ஊரிலிருந்தே போகட்டும்.

ஒவ்வொரு நாளும் இரண்டு கடலைப் பார்க்கலாம் என்பதுதான் அகத்தியில் எனக்குப் பிடித்தது. காலையில் கிழக்குக் கரைக்கு நடப்போம். தீவின் அகலத்தைக் கடக்கச் சில நிமிஷம்தான். வழியில் கோழி, ஆடு, பூனை, வீட்டு முற்றத்தில் ஈரப்பலா மரம். நாய் மட்டும் கிடையாது. தீவுகளுக்குள் நாயைக் கொண்டுவர அனுமதி இல்லை. எங்கள் ஊர்த் தெருநாய்களுக்குப் பயந்து வீட்டை விட்டு இறங்காத சின்னவன் அங்கே சந்தெல்லாம் தனியாக ஓடினான். கிழக்கே போய்ச் சேர்ந்தால் உடைந்த பவளக் கட்டைகள் குவிந்து கிடக்கும் கரை, வளையம் அங்கே கரையை ஒட்டியே இருக்கிறது, அதற்கு அப்பால் உடனே ஆழம். அலை வந்து அறையும் சத்தம் வயிற்றில் கேட்கும். அங்கே கையை விடுவதில்லை. பார்த்துவிட்டு மேற்குக்கு வந்தால் அதே கடல் குழந்தையின் முட்டியைத் தொட்டுக்கொண்டு சும்மா நிற்கிறது. கடலைப் பற்றி என்னவெல்லாம் சொல்லிக் கொடுக்கலாமோ அதெல்லாம் இந்த நடையிலேயே பிள்ளைகளுக்குத் தெரிந்துவிட்டது. எங்கே இறங்கலாம், எங்கே கூடாது என்று மகள் தம்பிக்கு அதிகாரமாகச் சொல்லிக்கொண்டே வருவாள்.

பகல் பத்து மணிக்கு மேல் மூன்றரை வரை வெளியே போகவே இல்லை. வெள்ளை மணலும் தண்ணீரும் சேர்ந்து திருப்பியடிக்கும் வெயில் நம் ஊர் வெயிலைவிட மோசம், நிழலில் நின்றால்கூடக் கன்னம் சிவக்கும். முழுக்கை நீச்சல் உடுப்பு, தொப்பி, மதியம் தூக்கம். தென்னைக்கு அடியில் பாயை விரித்தால் மேலே ஒரு தடவை பாருங்கள், தேங்காய் இருக்கும். பெண்கள் தண்ணீரில் இறங்கும்போதும் முழு உடுப்புதான் அங்கே மரியாதை. குடியிருப்புகளை ஒட்டிய கரை, ஊர்க்காரர்களின் வீட்டு வாசல் அது. நான் சுடிதாரோடுதான் இறங்கினேன். ஒரு குறையும் தெரியவில்லை.

சாயங்காலம் நான்கு மணித் தண்ணீர்தான் ஆமைகளுக்கு. அகத்தி லகூனில் பச்சை ஆமைகள் நிறைய. ஒரு நாள் கண்ணாடி அடிப்பலகை வைத்த படகில் போனோம், மகள் குப்புறப் படுத்துக்கொண்டாள். கீழே ஓர் ஆமை முன்துடுப்பால் மணலைத் தட்டிவிட்டுப் புல்லைக் கடித்து இழுத்தது, கடித்த இடத்தில் சின்னதாக மணல் புகை எழுந்தது, மென்றுகொண்டே தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தது, மறுபடியும் குனிந்துவிட்டது. "மாடு மேயுது" என்றான் சின்னவன். சரியாகத்தான் சொன்னான். 2000-களில் இங்கே ஆமைகள் பெருகி, கடற்புல் வெளியை ஒட்ட மேய்ந்துவிட்டன. புல் குறைந்தபோது அதில் ஒதுங்கும் மீனும் குறைந்துவிட்டதாக மீனவர்கள் ஆமைகள்மேல் கோபமாக இருந்தார்கள், ஆராய்ச்சியாளர்கள் வந்து உட்கார்ந்து அதை அளந்திருக்கிறார்கள். புல் தீர்ந்த பிறகு ஆமைகள் வேறு தீவுகளின் லகூன்களுக்கும் நகர்ந்தன. எதைக் காப்பாற்றினாலும் அதற்குத் தீனி எங்கிருந்து வரும் என்றும் பார்க்க வேண்டியிருக்கிறது. மேய்ச்சல் நிலம் இல்லாமல் மாட்டை விற்ற வீட்டில் பிறந்த எனக்கு அது சட்டென்று விளங்கியது.

கரையோரத்திலேயே கடல் வெள்ளரி கிடக்கும், கறுப்பாக, அசையாமல். தொடக் கூடாது என்று ஒரு தடவை சொன்னோம். சட்டப்படி புலிக்கு இருக்கும் அதே உயர்ந்த பாதுகாப்பு அதற்கும் உண்டு என்று அப்பா சொன்னதும் பிள்ளைகள் அதைப் புலியாகவே நடத்த ஆரம்பித்தார்கள், சுற்றிக்கொண்டு போனார்கள். முகக்கண்ணாடி போட்டு இடுப்பளவு தண்ணீரில் தலையை முக்க மகளுக்குப் பழக்கினார் அவர். கிளி மூக்கு மாதிரி வாய் உள்ள பச்சை மீன் ஒன்று பவளத்தைக் கொறிக்கும் சத்தம் தண்ணீருக்கடியில் நறுக் நறுக்கென்று கேட்டதாம். கொறித்த பவளம்தான் அதன் தொண்டைப் பற்களில் அரைபட்டு வெளியே வந்து இந்த வெள்ளை மணலில் ஒரு பங்காகிறது என்று சொன்னபோது அவள் முதலில் நம்பவில்லை, நம்பியபிறகு ஒரு நாள் முழுக்கப் பார்க்கிறவர்களிடமெல்லாம் அதையே சொன்னாள்.

பவளம் முழுக்க வண்ணமாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். 1998, 2010, 2016 என்று கடல் சூடேறிய வருஷங்களில் பவளங்கள் வெளுத்தன, 2024-லும் வெளுத்தன. 1998-ல் இருந்த உயிர்ப்பவளத்தில் ஏறக்குறைய பாதிதான் இப்போது மிச்சம். சாம்பல் நிறத்தில் இடிந்து கிடக்கும் கட்டைகளுக்கு நடுவில் கைப்பிடி அளவு ஊதாக் கொத்து ஒன்று தெரியும். அந்த வளையம் தேய்ந்தால் உள்ளே இருக்கும் இந்த அமைதியான தண்ணீரும் இருக்காது, தீவும் இருக்காது. தீவின் தரை கடலிலிருந்து ஓரிரு ஆள் உயரம்தான். இதை நினைக்கும்போது எனக்குத் தொண்டை அடைக்கிறது. என் பிள்ளைகள் அவர்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இங்கே வர வேண்டும் என்று ஆசை.

தண்ணீரைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும், குடிதண்ணீர். மழைமறைவுப் பிரதேசத்துக்காரர்கள் நாங்கள். ஆழியாற்றுத் தண்ணீர் வரவில்லை என்றால் வடகரப்பதி, எருத்தேம்பதிப் பக்கமெல்லாம் டேங்கர் லாரிதான். அதனால் எந்த ஊருக்குப் போனாலும் அம்மா முதலில் கிணற்றை எட்டிப் பார்ப்பார். தீவில் கிணறு இருக்கிறது. மணலுக்கடியில் மழைத்தண்ணீர் ஒரு மெல்லிய படலமாகக் கடல் தண்ணீர் மேல் மிதந்துகொண்டிருக்கிறது, அதைத்தான் இறைக்கிறார்கள். அதிகம் இறைத்தால் கீழேயிருந்து உப்பு ஏறிவிடும். அதனால் 2011-ல் அகத்தியில் ஒரு கடல்நீர் ஆலை அமைத்தார்கள், சென்னை பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தின் வேலை. மேல்மட்டத்து வெதுவெதுப்பான தண்ணீரைக் காற்றழுத்தம் குறைந்த தொட்டிக்குள் விட்டால் அந்தச் சூட்டிலேயே கொஞ்சம் ஆவியாகும். முந்நூறு மீட்டருக்கும் கீழே இருந்து இழுத்த குளிர்ந்த தண்ணீரைக் குழாயில் ஓட விட்டு அந்த ஆவியைக் குளிர வைத்தால் நல்ல தண்ணீர். ஒரு நாளைக்கு ஒரு லட்சம் லிட்டர் என்று கணக்கு. கடற்கரைக்கு ஒட்டியே ஆழம் இருப்பதால்தான் இது நடக்கிறது. அம்மா அந்தத் தண்ணீரை வாயில் வைத்துக் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "உப்பே இல்லியே" என்றார். பிள்ளைகள் கடலிலிருந்து வந்து ஆளுக்கு ஒரு பக்கெட்டில்தான் குளிக்க வேண்டும் என்று அதற்கப்புறம் அவரே காவல் நின்றார்.

சாப்பாடு சூரை மீன்தான், காலையும் மாலையும். தூண்டிலைக் கம்பில் கட்டி, உயிருள்ள சின்ன மீனை இரையாக வீசி ஒன்றொன்றாகப் பிடிக்கிறார்கள், பெரிய வலை போடுவதில்லை. காய்கறி பேப்பூரிலிருந்தும் மங்களூரிலிருந்தும் படகில் வந்தாக வேண்டும். வேலந்தாவளம் மார்க்கெட்டில் கூடை கூடையாக இறங்கும் தக்காளியைப் பார்த்தே வளர்ந்த அம்மாவுக்குக் கடையில் நான்கு தக்காளியை எடை போட்டு வாங்கியது பெரிய அதிசயம். குழம்பில் புளி நம் பக்கம் போல் இல்லை, காரம் குறைவு, தேங்காய் தாராளம். சின்னவன் மீனும் சோறும் தானாகவே அள்ளித் தின்றான்.

பக்கத்தில் பங்காரம், தின்னகரா என்று தீவுகள் இருக்கின்றன, படகில் போய்வரலாம். நாங்கள் போகவில்லை. கூட வந்திருந்த ஒரு குடும்பம் காலை ஆறு மணிக்கே குழந்தையை எழுப்பி ஒவ்வோர் இடமாகக் கொண்டுபோனது, அந்தக் குழந்தை மதியமெல்லாம் அழுதது. ஐந்து வயதுக்குக் கீழே இருக்கும் பிள்ளைக்கு ஒரே கரையில் ஒரே குழியைத் திரும்பத் திரும்பத் தோண்டுவதுதான் ஊர் சுற்றுவது.

கிளம்புகிற அன்று மகள் ஒரு பை நிறையச் சிப்பியும் பவளத் துண்டுமாகச் சேர்த்து வைத்திருந்தாள். செத்த பவளமாக இருந்தாலும் எடுத்து வரக் கூடாது, 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதற்கும் பொருந்தும், விமான நிலையத்தில் பையைப் பார்ப்பார்கள். அழுகை கொஞ்சம் வந்தது. முனிவன் நண்டுக்கு வீடு வேண்டுமல்லவா, காலியான சிப்பியைத்தானே அது தேடிக்கொண்டு அலைகிறது என்று அவர் எடுத்துச் சொன்னபிறகு, எல்லாவற்றையும் கரையில் வரிசையாக அடுக்கிவிட்டு வந்தாள். அம்மா வாழைச்சருகில் சுற்றிய தேங்காய் உருண்டையும், இத்தா கட்டிக் கொடுத்த காய்ந்த சூரையும் கொண்டுவந்தார்.

போவதானால் டிசம்பரிலிருந்து மார்ச்சுக்குள் போங்கள். மே பாதிக்கு மேல் கடல் மாறிவிடும், மழைக்காலம் முடியும் வரை குழந்தைகளோடு அந்தப் பக்கம் வேண்டாம். கிறிஸ்துமஸ் லீவு என்றால் ஓணம் முடிந்த கையோடு விண்ணப்பம் போட்டுவிட வேண்டும். எருத்தேம்பதியில் இருக்கும் பெரியம்மாவையும் இந்தத் தடவை சேர்த்துக்கொள்ளச் சொல்லி அம்மா தினமும் கேட்கிறார், பெரியம்மாவின் ஆதார் அட்டை நகல் ஏற்கனவே என் மேசைக்கு வந்துவிட்டது.